காருக்கு நெற்றி எது?

கிளிநொச்சி உதயநகரில் ஒரு தம்பதி இருக்கிறார்கள். சனிக்கிழமை தோறும் இருவரும் வவுனியாவுக்குப் போவார்கள். கணவன் காரில் போவான், மனைவி பஸ்ஸில் போவாள். சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. காலையில் ஒரே நீத்துப்பெட்டிப் புட்டைப் பாதி பாதியாகச் சாப்பிட்டுவிட்டு, "போட்டு வாறன்" என்று ஒருவருக்கொருவர் கைகாட்டிவிட்டுத்தான் புறப்படுவார்கள்.

அந்தக் கணவன் நான்தான். பெயர் யோகநாதன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தனாக இருந்து ஓய்வு பெற்றவன். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளை இந்தக் கையால் திறந்து மூடியிருக்கிறேன். மாரியில் நான் ஒரு விரலை அசைத்தால் கண்டாவளையில் ஆடுமாடுகள் தாமாகவே மேட்டுக்கு ஏறிவிடும். அப்படிப்பட்டவனின் மனைவி பஸ்ஸில் போனாள் என்றால், அதற்கு ஒரேயொரு காரணம்தான். அவளுடைய மூக்கு.

மூன்று மாதத்துக்கு முன்பு, எங்கள் படலையிலிருந்து மாங்குளம் போவதற்குள் என் மனைவி சற்குணம் நூற்றுப்பதினாறு தடவை தும்மினாள். அவளுடைய கணக்குப்படி பத்தொன்பது. நான் எதையும் பெருப்பித்துச் சொல்கிறவன் என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறது, நம்பாதீர்கள். நூற்றுப்பதினாறாவது தும்மலில் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த வரிப்பத்திரம் கழன்று என் மடியில் விழுந்தது. அதற்குச் சாட்சி அந்தப் பத்திரமே.

மாங்குளம் சந்தியில் காரை நிற்பாட்டச் சொன்னாள்.

"இதுக்குள்ள மணக்குது. ஏதோ செத்த மணம். அதோட ஒரு தூசு மூக்குக்குள்ள குத்துது. இனி இதில நான் ஏறமாட்டன்."

"உம்மட மூக்கிலதான் பிழை, சற்குணம்."

"மூக்கு அறுபத்திரண்டு வருசமா இருக்கு. கார் வந்து ஒன்பது வருசம். ஆரில பிழையெண்டு நீங்களே யோசியுங்கோ."

யோசிக்க நேரம் தராமல் பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அன்று தொடங்கியது இந்த இரட்டைப் பயணம். அவளுடைய தங்கையின் மகள் லக்சிகாவுக்கு வவுனியாவில் கலியாண ஏற்பாடு நடந்துகொண்டிருந்ததால் போகாமல் இருக்கவும் முடியாது. குத்துவிளக்கும் பலகாரத் தாச்சியும் என்னோடு காரில் வரும். சற்குணம் பஸ்ஸில் வருவாள். மானம் போகாமலிருக்க வவுனியா பஸ் நிலையத்தில் நான் காத்திருப்பேன். அங்கிருந்து தங்கை வீடுவரை, நான்கு கண்ணாடியும் திறந்தபடி, மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அரை மைல் என்னோடு வருவாள். அங்கே போய் இறங்கினால் காலமெல்லாம் ஒன்றாகக் காரில் வந்த தம்பதி.

ஆனால் கலியாண மண்டபம் பிரதான வீதியிலேயே இருந்தது. பஸ் தரிப்பிடம் வாசலுக்கு நேர் எதிரே. ஒளிக்க ஒரு மரங்கூட இல்லை. கலியாணச் சேலையோடு அரை மைல்கூட அந்த மணத்துக்குள் ஏறமாட்டேன், பஸ்ஸிலேயே வந்து வாசலில் இறங்குவேன் என்று சற்குணம் சொல்லிவிட்டாள். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த வாசலில் வரவேற்க நிற்கப்போவது கனடாவிலிருந்து வந்திருக்கும் மைத்துனன், சற்குணத்தின் தம்பி நிரஞ்சன். பதினொரு வருடத்துக்கு முன்பு, நான் வாய்க்கால் கட்டில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டே பின்பக்கமாக வாய்க்காலுக்குள் விழுந்ததை அவன் கண்டுவிட்டான். டொரண்டோவில் இன்றும் ஒரு பிறந்தநாள் விழாகூட அந்தக் கதையில்லாமல் முடிவதில்லையாம். நான் காரில் வந்து இறங்க, அவனுடைய அக்கா காஞ்சிபுரத்தோடு பஸ்ஸிலிருந்து குதிப்பதை அவன் கண்டால், என் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள்கூட வெளியில் தலைகாட்ட முடியாது.

கலியாணம் வெள்ளிக்கிழமை. நான் விழித்துக்கொண்டது செவ்வாய்க்கிழமை.

உண்மையைச் சொன்னால், அந்த மணத்தின் வேர் எங்கே என்று எனக்கு ஒரு சந்தேகம் ஏற்கெனவே இருந்தது. வாய் திறக்க முடியாத சந்தேகம். ஒன்றரை வருடத்துக்கு முன்பு டொக்டர் என் பிரஷரைப் பார்த்துவிட்டு, உப்புப் போட்டு வறுத்த கொறியல் ஒன்றும் இனி வாயில் படக்கூடாது என்று சொல்லியிருந்தார். பக்கத்தில் இருந்த சற்குணம், "நானும் விடுறன் டொக்டர். இவருக்கு முன்னால கொறிக்க எனக்கு மனம் வராது" என்று அவருடைய மேசையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை.

ஆனால் ஏ-நைன் வீதியில் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டாது. நின்று, தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, வாசலில் வறுத்த கச்சான் கடலை வாங்கிக்கொண்டுதான் நகரும். சற்குணம் என்னோடு காரில் வந்த காலத்தில், எனக்குப் பூசி, தனக்குப் பூசி, மிச்சத் திருநீற்றைக் காரின் நெற்றிக்கும் அள்ளிப் பூசிவிட்டுத்தான் ஏறுவாள். கச்சான்காரியின் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டாள். நான் தனியே போகிற நாட்களில் திரும்பிப் பார்ப்பேன். கச்சான் வாங்காமல் போனால் பிள்ளையார் மனம் நோவார் என்பது என் சொந்த ஆராய்ச்சி. பாதிப் பொட்டலம் வழியில் முடியும். மீதியும் கோதுகளும் காரின் முன் லாச்சிக்குள், பத்திரங்களுக்குக் கீழே போகும். வீதியில் எறிந்தால் யாராவது கண்டு அவளிடம் சொல்லிவிடுவார்களே.

டவுனில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் நுஸ்கியிடம் போனேன். முல்லைத்தீவுப் பிள்ளை, நல்ல கைகாரன்.

"காருக்குள்ள மணமெண்டா ஏசி பில்டரைப் பாருங்கோ சேர். கடைசியா எப்ப மாத்தினீங்கள்?"

"எந்தப் பில்டர்?"

நுஸ்கி கையிலிருந்த பிளக்கைக் கீழே வைத்தான்.

"கார் எடுத்து எத்தினை வருசம் சேர்?"

"ஒன்பது."

"ஒன்பது வருசமா நீங்கள் அதைப் பாக்கவே இல்லையோ?"

"அப்பிடியொண்டு இருக்கெண்டு அது எனக்குச் சொல்லேல்லையே."

"அல்லாவே! நீங்களும் அம்மாவும் ஒன்பது வருசமா ஏ-நைன் றோட்டை மூக்கால உறிஞ்சிக்கொண்டு திரிஞ்சிருக்கிறீங்கள். காரைக் கொண்டு வாங்கோ, லாச்சியைக் கழட்டி ஐஞ்சு நிமிசத்தில மாத்தித் தாறன்."

"லாச்சியையோ? வேண்டாம், வேண்டாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் வாசலில் படுத்திருந்த நாய் எழும்பி வவுனியாப் பக்கமாக ஓடியது. "நான் வீட்டிலயே செய்வன். வழியை மட்டும் சொல்லும்."

சொன்னான். லாச்சியின் இரண்டு பக்கத்தையும் உள்ளுக்கு அமத்தி இழுத்தால் அது தொங்கும். பின்னால் நீட்டு மூடி ஒன்று. மூடியைக் கழற்றினால் பில்டர். திருகாணி எதுவுமில்லை. வெள்ளைத் தாளை விசிறி மடிப்பாய் மடித்ததுபோல ஒன்றை எடுத்துத் தந்தான்.

"கரி போட்டதும் வாறது சேர். அது மணத்தையும் பிடிக்கும். இப்ப முடிஞ்சுது, அடுத்த கிழமைதான் கொழும்பால வரும்."

"என்ன கரி?"

"தேங்காய்ச் சிரட்டைக் கரியாம்."

சிரட்டையா! எங்கள் குசினிக்குப் பின்னால் சிரட்டை மலையாகக் கிடக்கிறது. அதன் உச்சியில் ஏறி நின்றால் ஆனையிறவு உப்பளம் தெரியும். அடுத்த கிழமை வரை காத்திருக்க எனக்கு என்ன பைத்தியமா?

அன்று பின்னேரம் சற்குணம் சேலைச் சட்டை அளவு பார்க்க நிசாந்தினியின் தையல் கடைக்குப் போனாள். அவள் அங்கே போனால் ஒன்றரை மணித்தியாலம் நிச்சயம். படலை சாத்திய சத்தம் கேட்டதும் நான் காருக்குள் தலைகீழாகப் புகுந்தேன்.

லாச்சி தொங்கியது. அதற்குள்ளிருந்து கச்சான் கோது கொட்டத் தொடங்கியது. கொட்டியது, கொட்டியது, குளம் வான் பாய்ந்ததுபோலக் கொட்டியது. இவ்வளவையும் தின்றவன் உயிரோடு இருப்பதே மருத்துவ அதிசயம். மூடியைக் கழற்றிப் பில்டரை இழுத்தேன். வரவில்லை. காலை வாசலில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். வந்தது பில்டரா, அகழ்வாராய்ச்சியா என்று தெரியவில்லை. மண் படைகளைப் பார்த்தே வருடம் சொல்லுகிறவன் நான். அடியில் சிவப்பு, அது வரட்சி வருடம். அதற்கு மேல் காய்ந்த சேறு, அது வெள்ளம் வந்த வருடம். அதற்கு மேல் பாலைப்பூ, வைக்கல் தூள், ஒரு தும்பியின் இறக்கை. மூலையில், கச்சான் கோதும் பஞ்சும் சேர்த்துக் கட்டிய ஓர் எலிக்கூடு. வீட்டுக்காரர் வெளியே பாய்ந்து என் தோளில் ஏறி, காதருகே ஒரு வார்த்தை கீச்சென்று பேசிவிட்டு, கிணற்றடிப் பக்கமாக ஓடிப்போனார்.

மணத்துக்குக் காரணம் என் கச்சான். அது தெரிந்ததுதான். ஆனால் எல்லாப் படைக்கும் மேலே, தோசைத் தடிப்பில், சாம்பல் நிறத்தில் ஒரு மாப்படலம் இருந்தது. விரலால் சுரண்டி மணந்து பார்த்தேன். மணந்த கையோடு ஏழு தும்மல்.

திருநீறு!

வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தேன். முன்கண்ணாடிக்குக் கீழே, பொனற் முடிகிற இடத்தில், கறுப்புக் கம்பிவலைபோல ஒரு துவாரம். வெளிக் காற்று காருக்குள் போவது அந்த வழியால்தான். சற்குணம் ஒன்பது வருடமாக "காரின் நெற்றி" என்று திருநீறு பூசிவந்ததும் அதே இடத்தில்தான். முறிகண்டியில் அவள் அள்ளிப் பூசுவாள். நான் ஏசிக் காற்றாடியைப் போடுவேன். பிள்ளையாரின் அருள் நேரே அவளுடைய மூக்குக்குள் போகும்.

துள்ளிக் குதிக்கவேண்டும்போல இருந்தது. தும்மலுக்குக் காரணம் அவளேதான்! இந்தப் பில்டரை ஒரு தட்டத்தில் வைத்து, பட்டுத் துணியால் மூடி அவளுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தால் போதும். ஆனால் அதே பில்டரில் என் கச்சான் கோதும் இருந்தது. இரண்டு கள்ளரின் கைரேகையும் ஒரே பூட்டில். அவளைக் காட்டிக்கொடுத்தால் நானும் அகப்படுவேன். ஒன்பது வருட வரலாற்றையும் வாழைமரத்தடியில் புதைத்தேன். கோதுகளை ஒரு சொப்பிங் பையில் கட்டிக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்தேன்.

பிறகு என் கண்டுபிடிப்பு. சிரட்டையைத் தகரப் பேணிக்குள் போட்டு மூடி எரித்து, கரியைச் சற்குணத்தின் கிறைண்டரில் மாவாக அரைத்தேன். நுளம்பு வலைத் துண்டு ஒன்றில் பை தைத்து, மாவை நிரப்பிப் பில்டரோடு சேர்த்துச் செருகினேன். எல்லாவற்றையும் பூட்டி, கண்ணாடிகளை ஏற்றி, மங்களகரமாகக் காற்றாடியை நாலாம் நம்பரில் போட்டேன்.

உலகம் இருண்டது. நான் சொல்வது உவமை அல்ல. ஸ்டியறிங் தெரியவில்லை. என் கை தெரியவில்லை. கதவைத் தேடிப் பிடித்துத் திறந்து வெளியே விழுந்தபோது, படலையடியில் சற்குணம் நின்றாள். நிசாந்தினி கடையில் கரண்ட் இல்லையாம்.

என்னுடைய கண்ணும் பல்லும் மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள்தானோ அது?"

"ஓம், நான்தான்."

"என்ன கோலமிது?"

"பற்பொடி செய்தனான். கரிப் பற்பொடி. இப்ப கடைப் பேஸ்ற்றெல்லாம் இரசாயனம்."

"காருக்குள்ள இருந்தோ?"

"காத்துப் படாத இடத்திலதான் செய்யவேணும்."

சற்குணம் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். பொய்யை நிறுக்கத் தெரிந்த கண் அவளுக்கு.

"நல்லது. இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்ததை வீணாக்கக்கூடாது. நாளையிலயிருந்து நீங்கள் அதாலதான் பல்லுத் தீட்டவேணும். நான் பக்கத்தில நிண்டு பாப்பன்."

நின்றாள். மூன்று காலை நான் ஏசி பில்டரால் பல்லுத் தீட்டினேன். புதன்கிழமை என் வாயைக் கண்ட பால்காரர் இரண்டடி பின்வாங்கினார். அன்றே இன்னொரு சோதனையும் வந்தது. சற்குணம் முற்றத்தைப் பார்த்தபடி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கட கோழியளுக்கும் கச்சான் ஆசை வந்திட்டுதுபோல. கோதைக் கிளறுதுகள்."

"காத்துக்குப் பறந்து வந்திருக்கும்."

"ஓமோம். முறிகண்டிக் காத்து இந்தமுறை பலம்தான்."

சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவ எழும்பிப் போனாள். மேற்கொண்டு கேட்காததுதான் எனக்குப் பயம்.

அன்று முழுக்க நான் தோல்வியை ஆராய்ந்தேன். இரண்டு பிழை. ஒன்று, கரியை மாவாக்கியது. மற்றதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பில்டரின் விளிம்பில் காற்று எந்தப் பக்கம் போகும் என்று ஓர் அம்புக்குறி போட்டிருந்தது. அதைக் கவனியாமல் கரிப்பையைத் தாளுக்குப் பிறகு வைத்திருந்தேன். வாய்க்காலுக்குத் தடுப்பு வலை மேல்பக்கம் வைப்பதா, கீழ்ப்பக்கம் வைப்பதா என்று ஊருக்கே வகுப்பெடுத்தவன் நான்! இதை நிரஞ்சன் அறிந்தால் நான் நாட்டைவிட்டே போகவேண்டியதுதான்.

வியாழக்கிழமை, சற்குணம் பலகாரம் பொதி செய்வதில் மூழ்கியிருந்தபோது இரண்டாம் முயற்சி. இந்தமுறை கரியை மிளகளவாக உடைத்தேன். கிணற்றுத் தண்ணீர் கறுப்பில்லாமல் தெளியும்வரை கழுவித் தகரத்தில் போட்டுக் காயவைத்தேன். புதிய வலைத்துண்டில் பரப்பி, கரி ஒரு மூலையில் குவியாதபடி கட்டம் கட்டமாகத் தைத்தேன். கரி முதல், தாள் பிறகு. மணத்தைக் கரி பிடிக்கும், கரியின் தூளைத் தாள் பிடிக்கும். காற்றாடியைப் போட்டுவிட்டு, வெள்ளைச் சாரம் ஒன்றை முன்னால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். திறந்தபோது சாரம் பால்போல இருந்தது. காற்று முன்னைவிட ஒரு சொட்டுக் குறைவுதான். ஆனால் என்ன காற்று! பனி மலையில் அப்போதுதான் பிடுங்கி, வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்த காற்று.

இனி அந்த மூக்கை உள்ளே ஏற்றவேண்டும். வெள்ளி காலை காஞ்சிபுரம் உடுத்து, கைப்பையும் லேஞ்சியுமாகப் படலைக்கு நடந்தவளை மறித்தேன்.

"சற்குணம், ஒரு உடன்படிக்கை. முறிகண்டி மட்டும் என்னோட வாரும். ஒரு தும்மல் வந்தாலும் அங்க இறங்கி பஸ் ஏறும். நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டன்."

"ஒரு தும்மல்?"

"அரைத் தும்மலெண்டாலும்."

அவள் காரைப் பார்த்தாள், என் பல்லைப் பார்த்தாள், ஏறினாள். ஏறியதும் மூக்கை மெல்ல உயர்த்தினாள். முகத்தில் ஒரு சந்தேகம். கெட்ட மணத்தைத் தேடி அது கிடைக்காத சந்தேகம்.

டவுனைத் தாண்டினோம். தும்மல் இல்லை. இரணைமடுச் சந்தியில் ஒரு மணல் டிப்பர் முன்னால் வந்து, பாலைவனம் ஒன்றையே எங்கள்மேல் கொட்டிவிட்டுப் போனது. சற்குணத்தின் மூக்கு நுனி துடித்தது. லேஞ்சி எழும்பியது. என் இருதயம் பிறேக் போட்டது. அவள் மூக்கை ஒரு தரம் துடைத்துவிட்டு லேஞ்சியை மடித்து வைத்தாள். அவ்வளவுதான். அந்த நிமிடத்தில் எனக்கு நோபல் பரிசு தந்திருந்தாலும் நான் மறுத்திருப்பேன். அது சிறிய பரிசு.

முறிகண்டியில் நின்றோம். நான் தேங்காய் உடைத்தேன். சற்குணம் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். அவளுடைய கை நிறையத் திருநீறு.

எல்லாவற்றையும் யோசித்த நான் இதை யோசிக்கவில்லை. அவள் நேரே அந்தக் கறுப்பு வலையை நோக்கி நடந்தாள். இன்னும் அறுபது கிலோமீற்றர் இருக்கிறது.

"பொறும்! எங்க பூசப்போறீர்?"

"காருக்கு நெத்தியில."

"அதுவோ நெத்தி?"

"ஒன்பது வருசமா இதுதான் நெத்தி. இண்டைக்கு என்ன புதுசா?"

"காருக்குக் கண் எது? லைற். கண்ணுக்கு மேல நெத்தி. அப்ப பொனற்றிலயெல்லோ பூசவேணும்?"

"பொனற் வயிறு. அதைத் திறந்தாத்தானே குடலெல்லாம் தெரியுது."

பக்கத்தில் லொறிக்குக் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்த சாரதி, "அம்மா சொல்லுறது சரி" என்றான். நான் அவனை முறைத்தேன். சற்குணம் என்னை முறைத்தாள்.

"இவ்வளவு காலமும் காரின்ர நெத்தியைப் பற்றிக் கதைக்காத மனிசன் இண்டைக்கு ஏன் கதைக்கிறார்? என்ன ஒளிக்கிறியள்?"

அந்த நேரம் பார்த்து, கச்சான் கடையிலிருந்து அழகம்மா சத்தம் போட்டாள். மலைநாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். அவளுடைய தொண்டைக்கு முன்னால் கோயில் மணி தோற்கும்.

"வாங்க ஐயா! வழக்கமான பொட்டலம்தானே?"

நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு காகம் பறந்தது. சற்குணம் என்னிடம் மெதுவாகத் திரும்பி வாயைத் திறந்தாள். அவள் சொல்ல வந்ததை அழகம்மா சொல்லவிடவில்லை.

"அட, அம்மாவும் வந்திருக்கீங்களா! என்னம்மா, இன்னைக்கு பஸ்ல வரலியா? ஒங்களுக்கும் எடுத்து வச்சிருக்கேன். உப்பு தூக்கலா, நீங்க கேக்கிற மாதிரியே."

சற்குணம் திறந்த வாயை அப்படியே மூடினாள். அந்தக் காகம் இப்போது அவளுக்கும் தேவைப்பட்டது.

பின்னால் வவுனியா பஸ் வந்து நின்றது. "ரீச்சர்! ஏறுங்கோ, உங்கட சீற் இருக்கு!" என்று கொண்டக்டர் கூப்பிட்டான். கையில் திருநீறு, முகத்தில் வெட்கம், பக்கத்தில் தப்பியோட ஒரு பஸ். சற்குணத்தின் ஒரு கால் அந்தப் பக்கம் திரும்பியதை நான் கண்டேன். மண்டப வாசலில் நிரஞ்சன் சிரிக்கிற சிரிப்பு முறிகண்டிவரை கேட்டது. இனி ஒளித்துப் பயனில்லை. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். லாச்சி, கோது, எலி, வாழைமரம், கிறைண்டர், கரி, கடைசியாகத் திருநீறு.

"அந்த வலைக்குள்ளாலதான் சற்குணம் காத்துப் போறது. நீர் அங்க பூச, அது உள்ள போய், உம்மட மூக்குக்குத்தான் வந்தது. மணம் என்ர பிழை. தும்மல் உம்மட கை."

அவள் அந்தக் கறுப்பு வலையைப் பார்த்தாள். கையிலிருந்த திருநீற்றைப் பார்த்தாள்.

"எலியைக் கலைச்சனீங்களோ? பிள்ளையாரின்ர வாகனமெல்லோ?"

"அவர் தானாத்தான் இறங்கிப் போனவர்."

"பற்பொடி?"

"அது பில்டர்."

அவளுடைய உதடு ஒரு பக்கமாகக் கோணியது. "மூண்டு நாள் பில்டரால பல்லுத் தீட்டினனீங்களோ! சரி, கச்சான் எத்தினை?"

"ஒண்டு ரெண்டு..."

"உண்மையை."

"கிழமைக்கு ஒண்டு. நீர்?"

கொண்டக்டர் விசில் அடித்தான். சற்குணம் அவனைப் பார்த்து, போ என்று கையைக் காட்டினாள். பிறகு, கோயில் மணிக்குக்கூடக் கேளாத குரலில் சொன்னாள்:

"கிழமைக்கு ரெண்டு. போகேக்க ஒண்டு, வரேக்க ஒண்டு."

பஸ் போய்விட்டது. சற்குணம் காருக்கு முன்னால் வந்து நின்று, கிராமசேவகர் காணி பார்ப்பதுபோல அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கண்ணாடிதான் கண். அதில எனக்குச் சந்தேகமில்லை. அப்ப நெத்தி அதுக்கு மேல, கூரை விளிம்பு. இவ்வளவு நாளும் நான் மூக்குக்குள்ளயோ போட்டனான்? பாவம், கார்தான் தும்மியிருக்கவேணும்."

கூரை விளிம்பு அவளுக்கு எட்டவில்லை. திருநீற்றை என் கையில் கொட்டி, என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, மூன்று குறியும் நேராக வருகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பூசுவித்தாள். அழகம்மா இரண்டு பொட்டலத்தையும் கொண்டுவந்து தந்தாள். ஒன்றைச் சற்குணம் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒண்டு காணும். பிரஷர்காரரோட பங்கு போடுவன்."

அதில் நாலில் மூன்று பங்கு யாருக்குப் போனது என்று நான் சொல்லப்போவதில்லை. புளியங்குளம் தாண்டியபோது தும்மல் வந்தது. வந்தது எனக்கு. மூன்று நாள் கரியும் மூக்கில்தானே ஏறியிருந்தது. சற்குணம் லேஞ்சியை நீட்டினாள்.

"உடன்படிக்கைப்படி தும்மினவர் இறங்கி பஸ் ஏறவேணும்."

"அப்ப காரை ஆர் ஓட்டுறது?"

"அதுக்காகத்தான் விடுறன்."

மண்டப வாசலில் நிரஞ்சன் கோட்டும் கண்ணாடியுமாக நின்றான். ஓடிவந்து அக்காவின் பக்கக் கதவைத் திறந்தான். அவள் மகாராணிபோல இறங்கினாள். இறங்கிய வேகத்தில் காஞ்சிபுரத்தின் மடிப்புகளுக்குள்ளிருந்து கச்சான் கோது சளசளவென்று கொட்டி, அவனுடைய மினுங்கும் சப்பாத்தை மூடியது. மேளகாரர்கூட ஒரு தட்டுத் தவறவிட்டார்.

"அக்கா, என்ன இது?"

நான் கண்ணை மூடினேன். டொரண்டோவுக்கு அடுத்த கதை போகப்போகிறது.

சற்குணம் சேலையை உதறி, தலைப்பைச் சரிசெய்தாள்.

"அது பழைய ஏசி பில்டர் தம்பி. அத்தான் தானே வீட்டில கழட்டினவர். அங்கயெல்லாம் நீங்கள் கராச்சுக்குத்தானே குடுப்பியள்?"

நிரஞ்சன் கோதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நான் அடக்கமாகச் சிரித்தேன். அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்ட வந்தான்.

"அது கிடக்கட்டும் அத்தான். பல்லுக்கு என்ன போடுறியள்? இப்பிடி வெள்ளையா மினுங்குது!"